சுடலாமா என்று கேட்ட துப்பாக்கி

'அதுவே பாத்துக்கும்' என்றொரு இனம் உலகத்தில் உண்டு, வாசகரே. கொம்பு கிடையாது, வால் கிடையாது. முகத்தில் ஓர் அபார நிம்மதி, அதுதான் அடையாளம்.

அந்த இனத்துக்கு ஒரு மாதிரி, நம் பேட்டரிக் கிடங்கு மேலாளர். ஊருக்கே நாளொன்றுக்கு நான்கு மணி நேரம்தான் கரண்ட் என்றாகிவிட்ட காலம். சேமித்த மின்சாரமெல்லாம் அவர் கிடங்கில்தான் பூட்டிக் கிடந்தது. அதைக் காக்கக் கூரைமேல் ஒரு தானியங்கித் துப்பாக்கி. பட்டியலில் இல்லாத முகம் வாசலில் நின்றால், மார்பில் சிவப்புப் புள்ளி வைத்துவிட்டு, அனுமதி அறைத் திரையில் "சுடலாமா?" என்று கேட்கும். அங்கே இருக்கும் பெண் ஊழியர், வழி கேட்க வந்தவர், பந்தைத் தேடி வந்தவர் என்று பார்த்துப் பார்த்து "வேண்டாம்" பொத்தானை அமுக்குவார். இரண்டு வருஷத்தில் மற்ற பொத்தானை அவர் தொட்டதே இல்லை.

மேலாளருக்கோ மிச்சம் பிடிக்கிற பைத்தியம். நீங்கள் படிக்கட்டில் பாதி ஏறும்போது விளக்கை அணைப்பார். வியர்வை துடைக்கும்போதே ஃபேனை நிறுத்துவார். வீட்டில் மனைவி கதையின் கடைசிப் பக்கத்தில் இருக்கையில் விளக்கை அணைத்துவிட்டு, "ரெண்டு பேரும் சேந்துடுவாங்க, தூங்கு" என்பார். அப்படிப்பட்டவர் கண்ணில் அனுமதி அறை பட்டது. ஒரு விளக்கு, ஒரு ஃபேன், ஒரு திரை. எதற்கு? வேண்டாம் என்று சொல்வதற்கா!

"ரூமை மூடிடலாம்மா. அரை நிமிஷத்துல பதில் வரலைன்னா துப்பாக்கியே தானா முடிவெடுக்கிற மாதிரி மாத்திட்டேன்."

"தப்பா முடிவெடுத்துட்டா, சார்?"

"அதுவே பாத்துக்கும்."

அனுமதி அறைக்குக் கரண்டை நிறுத்தினார். துப்பாக்கிக்கு மட்டும் தடையில்லாத மின்சாரம். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

மறுநாள் அவர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டார். எடுத்துக்கொண்டு மனைவி வந்தார். கிடங்குக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. ஜன்னலில் நின்ற மேலாளருக்குக் கண்ணாடி இல்லாமலே அந்த நடை தெரிந்தது. மார்பில் விழுந்த புள்ளியும் தெரிந்தது.

அனுமதி அறைக்கு ஓடினார். இருட்டு. செத்துப்போன திரை. பொத்தானை அமுக்கினார், அமுக்கினார், வாய்விட்டு அலறினார். அலறல் கேட்டு ஓடிவந்த அந்தப் பெண் ஊழியர், சுவரில் இருந்த, துப்பாக்கிக்குப் போகும் மெயின் ஃபியூஸைப் பிடுங்கி எறிந்தார். துப்பாக்கி தலையைத் தொங்கப் போட்டது. அரை நிமிஷத்தில் நான்கு விநாடி பாக்கி.

மனைவி ஒன்றும் அறியாமல் உள்ளே வந்து கண்ணாடியை நீட்டினார். "என்னங்க இப்படி வேர்த்து வழியுது? ஃபேனைப் போட்டுக்கக் கூடாதா?"

அவர் திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? அந்த இனம் உங்களுக்குப் பழக்கமில்லை போலும். சாயங்காலத்துக்குள் இரண்டு உத்தரவு போட்டார். மனைவியின் முகத்தைப் பட்டியலில் சேர்ப்பது ஒன்று. ஃபியூஸை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது மற்றொன்று.

"யாரோ ஒருத்தர் புடுங்கினா நின்னுடுதே, எவ்வளவு ஆபத்து!"

"அடுத்த தடவை வேற யாராவது வந்து நின்னா, சார்?"

பதிலைத்தான் நீங்களே சொல்லிவிட்டீர்களே.

நல்லவேளை, நீங்கள் அந்த இனம் இல்லை. உங்கள் வீட்டு வாசலில் ரொம்ப நேரமாக யாரோ மணி அடிக்கிறார்கள். வேறு யாராவது எழுந்து போய்ப் பார்ப்பார்கள், நீங்கள் படியுங்கள்.