ஒரு டொலரும் வைத்திருக்காத டொலர் அண்ணை

சங்கத் தலைவரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். துறைமுகத்தடிக் கடைக்காரர் கூட்டத்தில் எழும்பி நின்று, "டொலர் அண்ணை கள்ளமாய்க் காசு மாத்தின ஆள். சங்கத்தின்ரை கடையை அவரின்ரை மகளுக்குக் குடுக்கேலாது" என்றீர்கள். செத்த மனிதர் வந்து மறுக்க மாட்டார் என்ற துணிவு உங்களுக்கு. நான் அவருக்கு அடுத்த கடையில் கயிறும் வலையும் விற்கிறவன். நான் இன்னும் சாகவில்லை.

டொலரைப் பற்றி அவ்வளவு பேசிவிட்டு ஒரு டொலரைக்கூட வைத்திருக்காத மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். அவருக்குத் தொழில் சைக்கிள் திருத்துவது. ரியூப் ஒட்டுவார், கோணிய சில்லை நிமிர்த்துவார், காற்றடிப்பார். மத்தியானம் வானொலியில் டொலரின் விலை சொல்லும்போது மட்டும் பம்பைக் கீழே போட்டுவிடுவார். அரைவாசிக் காற்றோடு நிற்கிற சைக்கிள்காரன் அப்போது இருமினாலும் தொலைந்தான்.

"சத்தம் போடாதை! றேட் போகுது!"

வருடம் என்ற ஒன்று அவருக்குக் கிடையாது. எல்லாம் றேட்தான். சீனன்குடாவில் வேலைசெய்த ஒருவர் ஒருநாள் பழைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இது என்ன றேட்டிலை வாங்கினது?"

அவர் சைக்கிளின் விலையைச் சொன்னார்.

"சைக்கிளின்ரை விலையை ஆர் கேட்டது? அப்ப டொலர் எவ்வளவிலை நிண்டது?"

அந்த மனிதர் அதற்குப் பிறகு வேறு கடைக்குப் போனார். நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

அவருடைய கலியாணக் கதை இன்னும் மோசம். "டொலர் ஆறு ரூபாய்க்கு அஞ்சு சதம் குறைய நிக்கேக்க முடிச்சனான், தம்பி" என்பார். அரசாங்கம் கட்டிவைத்த அந்த விலை வருடக்கணக்காக அசையவில்லை. ஆகவே எந்த வருடம் முடித்தார் என்று அவருக்கே தெரியாது. மத்தியானச் சாப்பாடு கொண்டுவருகிற அக்கா, அவருடைய மனைவி, என்னிடம்தான் முறையிடுவார்.

"பாத்தீங்களே தம்பி? கலியாண நாளுக்கு ஒரு சீலை எடுத்துத் தராமல் இருக்க இந்த மனுசன் கண்டுபிடிச்ச சாட்டு!"

"நான் என்ன செய்யிறது? அப்ப காலம் ஓடேல்லை!"

அரசாங்கம் ரூபாயைச் சந்தை விலைக்கு மிதக்கவிட்ட பிறகுதான் அவருக்குக் காலம் ஓடத் தொடங்கியது. கடைசி மகள் பிறந்தது டொலர் நாற்பதில் நின்றபோது, சண்டையில் ஊர் எரிந்த வருடம். அந்த வருடத்தை எங்கள் ஊரில் யாரும் சும்மா வாயில் எடுப்பதில்லை. அவர் "நாற்பது" என்பார். எல்லாருக்கும் விளங்கும்.

டொலர் டொலர் என்று கத்துகிற ஆளிடம் டொலர் இருக்கும் என்று யாரோ கோள்மூட்டி, பொலிசார் இரண்டுபேர் கடையைக் கிண்ட வந்தார்கள். பசைப் போத்தல், அறுந்த செயின், நட்டுப் பெட்டி எல்லாம் வெளியே வந்தன. டொலர் மட்டும் வரவில்லை. அண்ணை பதறாமல் ஆறுதலாக மூத்தவரைக் கேட்டார்.

"ஐயா என்ன றேட்டிலை வேலைக்குச் சேர்ந்தனீங்கள்?"

அந்த மனிதர் ஏசத்தான் வாய் திறந்தார். பிறகு யோசித்தார். "முதல் வேலை புல்மோட்டை... அப்ப மூத்த மகன் பிறக்க இல்லை..." என்று அரைகுறைத் தமிழில் தொடங்கினார். அண்ணையும் அவரும் சேர்ந்து றேட்டைக் கண்டுபிடித்து, தேநீரும் குடித்து முடித்த பிறகுதான் அவர் ஜீப்பில் ஏறினார்.

கோதுமைக் கப்பலில் வந்த மாலுமி ஒருவன் வாடகைச் சைக்கிளில் ஊர் பார்க்கப் போய்ச் செயினை அறுத்துக்கொண்டு வந்த நாளும் நான் பக்கத்தில் நின்றேன். திருத்தி முடிய, அவன் ஒரு டொலர் நோட்டை நீட்டினான். அண்ணை அதை வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். மூக்கில் வைத்து மணந்தும் பார்த்தார். பிறகு அவன் கையிலேயே திருப்பி வைத்துவிட்டார்.

"உங்களுக்கு விசரே அண்ணை? வாங்கி வையுங்கோ, றேட் ஏறேக்க மாத்தலாம்."

"அதுக்காகத்தான் வேண்டாம் எண்டனான். இதை வைச்சிருந்தால் எங்கடை ரூபா விழவேணும் எண்டெல்லோ ஆசை வரும்?"

தலைவரே, இவர்தான் நீங்கள் சொன்ன கள்ள வியாபாரி.

அவர் ஆசைப்படாமலே ரூபாய் விழுந்தது. இருநூறில் நின்ற டொலர் முந்நூற்று அறுபதுக்குப் பாய்ந்தது. பெற்றோல் இல்லை. ஊரில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள் எல்லாம் அவர் வாசலில் வந்து நின்றன. மூதூரிலிருந்துகூட வந்தார்கள். அவருடைய வாழ்க்கையில் அப்படியொரு வியாபாரம் நடந்ததில்லை. மனிதர் செத்தவீட்டு முகத்தோடு இருந்து ஒட்டுப்போட்டார்.

"அண்ணை, இண்டைக்கு றேட் என்ன?"

"இது றேட் இல்லை, காய்ச்சல். இறங்கட்டும், சொல்லுறன்."

அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான். பிறகு கடையை நடத்தியது அந்தக் கடைசி மகள். அவள் சில்லு நிமிர்த்தினால் தகப்பன் நிமிர்த்தியதைவிட நேராக இருக்கும். தலைவரே, காருக்கு எண்ணெய் இல்லாமல் நீங்களும் அந்த வரிசையில் நின்றீர்கள். உங்கள் சைக்கிளை ஓட வைத்தது அவள்தான். அப்போது அந்தக் கடை கள்ளக் கடையாகத் தெரியவில்லையா?

காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. முந்நூறுக்குக் கிட்ட வந்து நின்றது. அவர் போய்விட்டார். அந்த மனிதர் இருக்கும்வரை அவருடைய கதை எனக்கு நாள் முழுக்கத் தலையிடி. இப்போது பக்கத்துக் கதவு பூட்டிக் கிடக்கிறது, அது அதைவிடப் பெரிய தலையிடி. எனக்கு அவர் வேண்டும். அவர் வரமாட்டார். ஆகவே அவருடைய மகளாவது அங்கே இருக்க வேண்டும்.

வருகிற கூட்டத்தில் அவளும் நானும் முன் கதிரையில் இருப்போம். டொலர் அண்ணையிடம் காசு மாற்றிய ஒரே ஒருவரின் பெயரையாவது எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், "நான் சொன்னது பொய்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, கடைப் பூட்டின் திறப்பை அவளிடம் கொடுங்கள். இரண்டில் எது, தலைவரே? வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள்.