என் தொடையில் சந்தியாகுவின் பட்டா

சேசு மரி சூசை துணை

ஈஸ்டர் திங்கள், 1997

கிறிஸ்துவில் அன்புள்ள தம்பி சவரிமுத்துவுக்கு,

உன் மகள் ஜெனிட்டா, என் உடம்பிலேயே மிக நீளமான தசையைத் தையற்காரன் சந்தியாகுவின் பெயருக்குப் பட்டா மாற்றிக் கொடுத்துவிட்டாள். நலம் விசாரிப்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். நானும் உன் அண்ணி செபஸ்தியம்மாளும் சுகம். குவைத்தில் நீயும் அனிட்டாவும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். எஸ்டிடி பூத் யூனுஸ் கண்ணாடிக் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பான் என்பதால் எழுதுகிறேன். அவனுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது என்பது வேறு.

தஞ்சாவூரில் புதிதாக வந்த கல்லூரியில் பிசியோதெரபி படிக்கிறாளே, குருத்து ஞாயிறுக்கு லீவில் வந்தவள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரியப்பா, ஈஸ்டர் முடிஞ்சதும் எனக்குப் பிராக்டிகல். உயிருள்ள ஆள் தொடையில தசையெல்லாம் வரைஞ்சு காட்டணும். ஆளையும் நாமதான் கூட்டிட்டுப் போகணும். ஹாஸ்டல் பிள்ளைங்க தொடையில பழகலாம்னா ஒண்ணுமே தெரியல, இட்லி மாவு மாதிரி இருக்கு. உங்களுக்குத்தான் ஒவ்வொண்ணும் தனித்தனியா எழும்பி நிக்குது" என்றாள். ஒரு பெண் உண்மையைச் சொல்லும்போது எப்படி மறுப்பது? வலது காலைக் கொடுத்தேன். நீ அனுப்பிய பெட்டியிலிருந்து சிவப்பும் நீலமுமாக மார்க்கர் எடுத்து ஆரம்பித்தாள். முன்பக்கம் இருப்பது நான்கு தலை உள்ள பெருந்தசையாம். மூன்றை வரைந்தாள், நாலாவது அடியில் ஒளிந்திருக்கிறது என்றாள். எனக்குத் தெரியாமல் என் உடம்பில் என்ன ஒளிவு என்று கேட்டேன். உட்பக்கம், இரண்டு காலையும் சேர்த்துப் பிடிக்கிற தசைகள். கடைசியாக, இடுப்பின் வெளிப்பக்கம் தொடங்கி, தொடையைக் குறுக்கே கடந்து, முழங்காலின் உட்பக்கம் போய்ச் சேருகிற ஒன்றைப் பாசன வாய்க்கால் வெட்டுவதுபோல நீளமாக இழுத்து, இங்கிலீஷில் பேரும் எழுதினாள்.

"இதான் பெரியப்பா உடம்புலயே நீளம். சார்டோரியஸ். சம்மணம் போட்டு உட்கார இது உதவும். அந்தக் காலத்துல தையக்காரங்க அப்படி உட்கார்ந்து தைச்சதால தையக்காரத் தசைன்னு பேரு."

அப்போதே எழுந்திருக்க வேண்டும். தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தால் போய்விடும் என்றாள். போகவில்லை. மண்ணெண்ணெய், எலுமிச்சம்பழம், மயிலாடுதுறை பெயிண்ட் கடையில் வாங்கிய தின்னர் எல்லாம் பார்த்தாயிற்று. தோல்தான் உரிந்தது. அப்புறம்தான் மார்க்கரின் அட்டையைத் தேடி எடுத்துப் படித்தாள்: துணியில் எழுதுவதற்கானது, துவைத்தாலும் அழியாது.

இதோடு போயிருந்தால் உனக்கு எழுதியிருக்கமாட்டேன். பெரிய வியாழன் பூசையில் பாதம் கழுவும் பன்னிரண்டு சீடர்களில், இந்த வருஷம் தலைமைச் சீடர் இராயப்பரின் நாற்காலி எனக்கு. அதைச் சந்தியாகு வருஷக்கணக்காக அவன் வீட்டுச் சொத்துபோல் வைத்திருந்தான். சாமியாரிடம் நியாயம் பேசி வாங்கி, அவனை இராயப்பரின் தம்பி அந்திரேயாவாக அடுத்த நாற்காலிக்குத் தள்ளியிருந்தேன். வேட்டி கணுக்கால் வரைக்கும் இருக்கும், தொடையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று தைரியமாகத்தான் உட்கார்ந்தேன். சாமியார் முழந்தாளிட்டுச் செம்பைச் சாய்த்தார். காலடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும், நடவு வயலில் இறங்கி இறங்கிப் பழகிய கை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வேட்டியைத் தொடைக்கு மேலே சுருட்டிவிட்டது.

செம்பு அந்தரத்தில் நின்றது. சாமியார் சின்ன வயதுக்காரர், ஆர்வம் தாங்கவில்லை.

"என்னய்யா இது?"

"தசை, சாமி."

"பேரெல்லாம் எழுதியிருக்கே! இந்தக் குறுக்கே போறது என்னது?"

பீடத்துக்கு முன்னால் பொய் சொல்ல முடியுமா? "தையக்காரத் தசை, சாமி" என்றேன்.

கோயிலுக்கு என்று குவைத்திலிருந்து நீ ஒரு மைக் அனுப்பினாயே, கழுத்துப் பட்டையில் குத்திக்கொள்வது, அது அவர் கழுத்தில்தான் இருந்தது. உளுந்து பறித்துவிட்டு வந்துகொண்டிருந்த பஞ்சநதம், வாய்க்கால் கரையில் நின்றபடியே எங்கள் பேச்சு முழுவதையும் ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறான். அடுத்த நாற்காலியிலிருந்து சந்தியாகு குனிந்து பார்த்தான். "குழந்தராசு, நாற்காலியை நீயே வச்சுக்க. நீளமான தசை நம்மளுது" என்றான். தபசு காலம் என்றும் பார்க்காமல் கோயிலே சிரித்தது. முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு முதலில் சிரித்தவள் உன் அண்ணி.

அன்றிலிருந்து அவன் கடையைத் தாண்டி நடக்க முடியவில்லை. "மேட்டுல பாத்து ஏறுப்பா, என் தசை உன்கிட்ட இருக்கு" என்று மிஷினை நிறுத்திவிட்டுக் கத்துகிறான். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜெனிட்டாவின் புத்தகத்தை நானே படித்தேன். தொடையைத் தூக்குவதும் முழங்காலை மடக்குவதும் அதே தசைதான். சேற்றில் புதைந்த காலைப் பிடுங்கி அடுத்த அடி வைப்பது வேறு என்ன வேலை? சந்தியாகுவோ ஸ்டூலில் உட்கார்ந்து மிஷின் மிதிப்பவன். கல்யாணப் பந்தியில்கூடச் சம்மணம் போடமாட்டான், பெஞ்சு கேட்பான். அனுபவ பாத்தியம் யாருக்கு, நீயே சொல்.

ஆகவே, பேரை மாற்றுகிறவரை ஜெனிட்டாவைப் பரீட்சைக்கு அனுப்புவதாக இல்லை. "ஒரு வருஷம் போயிடும் பெரியப்பா" என்று மூக்கை உறிஞ்சுகிறாள். போகட்டும். நீ லீவு போட்டு வந்து அவளை அழைத்துப் போக வேண்டும். அனிட்டா இனிமேல் பெட்டியில் சோப்பும் தைலமும் மட்டும் வைக்க வேண்டும். சாமியார் மைக்கை அணைக்கப் பழக வேண்டும். புத்தகம் போட்டவர்கள் அடுத்த பதிப்பில் நடவுத் தசை என்று திருத்த வேண்டும். அவர்களுக்கு நீ அங்கிருந்து நல்ல இங்கிலீஷில் எழுது.

உயிர்த்த ஆண்டவர் உங்கள் இருவரையும் வெயிலிலும் மணல் காற்றிலும் காப்பாராக.

உன் அண்ணன்,
குழந்தைராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க உள்ளே போனேன். வாசலில் சந்தியாகுவின் குரல். "அழாத பாப்பா, என் தொடையில வரை. மிஷின் மிதிச்சு மிதிச்சு உரம் ஏறின காலு. தஞ்சாவூருக்கு நானே வர்றேன்" என்று கைலியை வேறு தூக்கிக் காட்டுகிறான். உன் மகளும் குனிந்து பார்க்கிறாள்! என் தொடை இருக்கும்போது இந்த வீட்டுப் பெண் அவன் தொடையோடு பரீட்சைக்குப் போவதா? ஆகவே மேலே எழுதியது அனைத்தும் ரத்து. நீ வர வேண்டாம். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் ஜெனிட்டா என்னை அழைத்துப் போக வேண்டும். வலது தொடையில் விடை முழுவதும் எழுதியிருப்பதால் காப்பி அடித்ததாகச் சொல்வார்களாம். செபஸ்தியம்மாள் அதைத் துணியால் சுற்றிக் கட்ட வேண்டும், இடது தொடை பரீட்சைக்கு. அடுத்த வருஷம் பின்தொடையாம். அனிட்டா பச்சை மார்க்கர் அனுப்ப வேண்டும், அழியாததே அனுப்பலாம். வேட்டி கல்லூரிக்குச் சரிப்படாது என்பதால் சந்தியாகு புதன்கிழமைக்குள் எனக்கு ஓர் அரைக்கால் சட்டை தைத்துத் தர வேண்டும். டேப்போடு வந்து நிற்கிறான், நீளம் எவ்வளவு வைப்பது என்று கேட்கிறான். அவன் தசை நன்றாகத் தெரிகிற மாதிரி அவன்தான் பார்த்து வெட்ட வேண்டும்.