தடை வலை மாட்டிய ஜன்னல்

தேவிபட்டினத்தில் ராமலெட்சுமி வீட்டு ஜன்னல் கொசுவலையில் ஒரு கிழிசல் விழுந்தது. நாட்டில் இதைவிடப் பெரிய கிழிசல்கள் உண்டு. ஆனால் அவற்றின் வழியே எதுவும் நுழைந்து அவள் கைக்குழந்தையைக் கடிக்கவில்லை. இதன் வழியே நுழைந்தது. பிள்ளையின் கன்னமெல்லாம் தடிப்பு.

வலையைக் கழற்றி அலசினாள். மீன்வலை பின்னும் நூலாலேயே கிழிசலை இழுத்துத் தைத்தாள். பிறகு, அந்த ஊரில் எல்லோரும் செய்வதுபோல, கணவனின் வலைகளோடு சேர்த்துக் கடற்கரையில் காயப்போட்டாள்.

மீன்வலைகளின் கண் அளவைச் சோதிக்கும் அலுவலர் பாண்டித்துரை அளவுகோலோடு வந்தார்.

"ஏம்மா, இதுல மீன்குஞ்சுகூடத் தப்பாதே!"

"சார், அது ஜன்னலுக்கு உள்ளது. கொசுவுக்கு."

"என்ன உசுருன்னு விதி கேக்கல. வலைக்கண்ணு சிறுசு. பறிமுதல்."

மறுநாள் கொசுத்தடுப்பு அலுவலர் கோகிலா வந்தார். வெறும் ஜன்னலைப் பார்த்ததும் முகம் மாறியது.

"வலை எங்க?"

"ஒங்க ஆளுதான் மேடம் தூக்கிட்டுப் போனாரு."

"அது வேற ஆபீஸு. அங்கன போய்க் கேளுங்க. இங்கன வலை இல்லாட்டி நோட்டீஸு."

"பிள்ள மொகத்தப் பாருங்க மேடம்."

"நான் ஜன்னல் மட்டுந்தான் பாக்கணும்."

இரு அலுவலகங்களும் கூடித் தேநீர் அருந்தி, பொதுநலன் கருதி ஒரு முடிவுக்கு வந்தன. அனுமதிக்கப்பட்ட கண் அளவுள்ள மீன்வலையை ஜன்னலில் அடிக்க வேண்டியது; குஞ்சுக் கொசுக்கள் தப்பிப் பிழைக்கட்டும், வளர்ந்தவை மாட்டிக்கொள்ளும். பாண்டித்துரையே வந்து வலையை அடித்துக் கொடுத்தார்.

"சார், இதுக்குள்ள என் கையே போகுது!"

"தாராளமாப் போகட்டும். கைக்குத் தடை இல்ல."

ஜன்னலகலத்துக்கு லேமினேட் செய்த தரச்சான்றிதழும் வழங்கப்பட்டது. ஒரு கொசு அதன்மேல் உட்கார்ந்து, நிதானமாகப் படிப்பதுபோல் இருந்துவிட்டு, வலைக்குள் புகுந்து உள்ளே போனது.

ராமலெட்சுமி சுத்தியலை எடுத்தாள். சான்றிதழையே ஜன்னலில் வைத்து நாலு பக்கமும் ஆணி அடித்தாள். அன்று பிள்ளை கடிபடாமல் தூங்கியது.

தெருவே சான்றிதழுக்கு விண்ணப்பித்தது. சான்று பெறாத ஜன்னல் உள்ள வீட்டில் பெண் கொடுக்க யோசித்தார்கள். ஒவ்வொரு ஜன்னலாக மூடிக்கொண்டது. தெருவில் தேங்கிக் கிடந்த சாக்கடை இப்போது எந்த வீட்டிலிருந்தும் தெரியவில்லை. தெரியாததால் புகார் இல்லை. புகார் இல்லாததால் சாக்கடையும் இல்லை என்று இரு அலுவலகங்களும் கூட்டாகச் சான்றளித்தன.

அந்தச் சான்றிதழை மாட்டத் தெருவில் ஒரு ஜன்னலும் மிச்சமில்லை. ராமலெட்சுமி வாங்கிப்போய், காற்றில்லாமல் புழுங்கி அழுத பிள்ளைக்கு விசிறத் தொடங்கினாள்.