இருபது அங்குலச் சக்கரமும் இரண்டு எலுமிச்சம்பழமும்

நான் ஒரு சந்தேகப் பிராணி. தக்காளி வாங்கினால்கூட அடியில் இருப்பதைக் கிளறிப் பார்க்காமல் வரமாட்டேன். அப்படிப்பட்டவன் மடக்கு சைக்கிள் வாங்கப் போனால் எப்படி இருக்கும்?

அப்போது ரவாங்கில் குடியிருந்தேன், வேலை கோலாலம்பூரில். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு மிதித்துப் போய், சைக்கிளை மடக்கி ரயிலில் ஏற்றிவிடலாம் என்று திட்டம். சக்கரம் பதினாறு அங்குலமா, இருபதா என்பதிலேயே மூன்று மாதம் போயிற்று. சின்னச் சக்கரம் மடக்கினால் காலடியில் அடங்கும். ஆனால் எங்கள் சாலைக் குழியில் இறங்கினால் மறுபடி ஏறுமா என்று சந்தேகம். பெரியது குழியைத் தாண்டும், மிதிக்கவும் சுலபம். ஆனால் மடக்கினாலும் ஓர் ஆள் இடத்தை அடைக்கும், தூக்கினால் தோள் கழன்றுவிடும். அளவுநாடாவோடு ரயிலேறி கதவோரத்தை அளந்து பார்த்தேன். (பக்கத்தில் நின்ற ஓர் அம்மா தன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.) கடைசியில் இருபதையே வாங்கினேன். ஆனாலும் அதன் நடுவில் இருந்த கீலை மட்டும் நான் நம்பவே இல்லை.

என்னையும் மிஞ்சிய சந்தேகப் பிராணி ஒருவர் இருந்தார்: கவிதாவின் அப்பா. கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணை எனக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார்.

"சைக்கிளு ஏன் தம்பி மடங்கணும்? நல்ல சாமான்னா நேரா நிக்கணும் லா," என்றார்.

"நம்ம கோயில்ல பூஜை போடுங்க. அப்பாவுக்கு நம்பிக்கை வந்துரும்," என்றாள் கவிதா.

வெள்ளிக்கிழமை காலை, சைக்கிளுக்குப் பூஜையாமே என்று பாதித் தோட்டம் கோயில் வாசலில் கூடிவிட்டது. காருக்கு வைப்பதுபோலவே பூசாரி சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார். நான் கீலைப் பூட்டும் கொக்கியை மூன்று முறை அழுத்திப் பார்த்தேன். பிறகு கவிதாவின் அப்பா மாலை போட வந்தார். மாலையை எங்கே மாட்டுவது என்று தடவிப் பார்த்து, நடுவில் வாட்டமாக நீட்டிக்கொண்டிருந்த கொக்கியைத் தூக்கி அதில் நூலைச் செருகினார். நான் கவனிக்கவில்லை. என் சந்தேகம் முழுக்க எலுமிச்சம்பழத்தின் மேல் இருந்தது, சக்கரம் வழுக்கிவிடுமோ?

"ஏறி நசுக்குங்க தம்பி!" என்றார் பூசாரி.

ஏறி மிதித்தேன். பழம் அருமையாக நசுங்கியது. அடுத்த நொடி, படித்து முடித்த புத்தகத்தைப்போல சைக்கிள் மூடிக்கொண்டது. நான் பூசாரி கையிலிருந்த தட்டில், திருநீற்றில், முகம் புதைய விழுந்தேன்.

அடி ஒன்றும் பலமில்லை, மானம்தான் கப்பலேறியது. கவிதா கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணம் அவ்வளவுதான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏதாவது சொல்லலாமென்று வாயைத் திறந்தால் திருநீறுதான் பறந்தது.

கவிதாவின் அப்பா கொக்கியில் சிக்கியிருந்த நூலைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"மடங்கும்னு சொன்னாரு, மடங்கிருச்சு. பையன் பொய் சொல்லல லா."

தோளில் கிடந்த துண்டை என்னிடம் நீட்டினார். "தொடச்சிக்குங்க மாப்பிள்ளை."

அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இன்றைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் எனக்குப் போட்ட நாற்காலியை மாமா முதலில் அழுத்திப் பார்ப்பார். "உக்காருங்க மாப்பிள்ளை, இது மடங்காது," என்பார். பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நாற்காலியை இன்னொரு முறை அழுத்திப் பார்த்துக்கொள்வேன். கொக்கியைத் தூக்கிவிட்ட கை அல்லவா அது!