அரை நூல் கொசுறு

பேசக் கூச்சப்படுகிறவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வாயால் கொடுக்க முடியாததைக் கையால் கொடுத்து ஈடுகட்டப் பார்ப்பார்கள். நான் அந்த ரகம். பஸ்ஸில் "நிறுத்துங்க" என்று சொல்ல வெட்கப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடம்வரை போய்விட்டு, அங்கிருந்து வேர்க்க வேர்க்க நடந்து திரும்பியவன். (ஒருமுறை கடைசி நிறுத்தம்வரை போய் டிரைவரோடு சேர்ந்து இறங்கினேன். புதுக் கண்டக்டர் என்று நினைத்தாரோ என்னவோ, எனக்கும் ஒரு வெற்றிலை கொடுத்தார்.)

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அதன்பிறகு ரங்கூனில் பசுந்தாங் பேட்டையில், ஓடைப் பக்கமுள்ள ஜோசப் அண்ணனின் லேத் பட்டறையில் பித்தளைக் கடைசல் வேலை. குத்துவிளக்குத் தண்டு, குழாய்த் திருகு, கோயில் மணியின் நாக்கு எல்லாம் கடைவேன். வருகிறவர்களிடம் "சௌக்கியமா" என்று கேட்க வாய் வராது. அதனால் விளக்குத் தண்டை அரை நூல் கூடுதலாக விட்டுக் கொடுப்பேன். ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைப் பட்டறையில் நூல் என்போம். அரை நூல் என்றால் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. ஆனாலும் அதுதான் என் சௌக்கிய விசாரிப்பு. கீரைக்காரம்மா கட்டுக்கு மேலே நாலு தண்டு போடுவதில்லையா, அதே கொசுறுதான். விளக்குக்கு அரை நூல் கூடினால் எந்தச் சாமியும் கோபித்துக்கொண்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு இருபத்தெட்டு வயது இருக்கும்போது, வேலாயுதம் மாமா பட்டறைக்கு வந்தார். வீடியோ படம் எடுக்கும் ஒரு கம்பெனியில் சாமான் பொறுப்பாளர். கத்தி, தொப்பி, பொய்த்தாடி, பழைய டெலிபோன் என்று படத்துக்கு வேண்டியதையெல்லாம் தேடிப்பிடித்துக் கொண்டுபோவது அவர் வேலை. அவருடைய மகள் தேவகியை எனக்குப் பார்க்கலாமா என்று என் அம்மா கோயிலில் வைத்துக் கேட்டிருந்தாள். ஆக, மாமா வேலை கொடுக்க வந்தாரா, மாப்பிள்ளை பார்க்க வந்தாரா என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"தம்பி எந்த ஊர்ப் பூர்வீகம்?" என்றார். தலையை ஆட்டினேன்.

"அம்மா நல்லா இருக்காங்களா?" அதற்கும் ஆட்டினேன்.

அவர் ஜோசப் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "என்ன ஜோசப்பு, பையனுக்குப் பேச்சு வருமா?"

"வரும் வரும். கரண்ட் மாதிரி. எப்பன்னு சொல்ல முடியாது" என்றார் அண்ணன்.

மாமா பெருமூச்சு விட்டுவிட்டு ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரே ஒரு தோட்டா. நிஜத் தோட்டா இல்லை, அலுமினியத்தில் செய்த பொம்மை. படத்துக்காக பாங்காக்கிலிருந்து ஒரு பொம்மைக் கைத்துப்பாக்கி வாங்கியிருந்தார்கள். சுடாது, ஆனால் பார்க்க அச்சு அசலாக இருக்கும். அதோடு வந்த தோட்டாக்கள் முந்தின படத்திலேயே ஒரு வயலில் தொலைந்துபோய், இது ஒன்றுதான் மிச்சம். வில்லன் ஏழு தோட்டாக்களை ஒவ்வொன்றாக அடுக்கித் துப்பாக்கியில் செருகும் காட்சியை நெருக்கத்தில் எடுக்கப் போகிறார்கள். அதற்குப் பித்தளையில் புதிதாக ஏழு வேண்டும்.

"சாம்பிள் அளவு. அதே அளவு" என்றார் மாமா. துப்பாக்கியைக் கொண்டுவரவில்லை. அது பொம்மைதான் என்றாலும் அனுமதிக் காகிதத்தோடு கம்பெனி அலமாரியில் பூட்டியிருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு பசுந்தாங் தெருவில் நடக்காத அளவுக்கு அவருக்கு உயிர்மேல் ஆசை இருந்தது.

போகும்போது ஜோசப் அண்ணனின் காதில், என் காதிலும் விழும்படி, சொல்லிவிட்டுப் போனார். "வேலையைப் பாத்துட்டு மத்ததைப் பேசுவோம். இந்தக் கம்பெனில எனக்கும் இதுதான் கடைசி நம்பிக்கை. போன படத்துல பொய்த்தாடி மழைல கரைஞ்சதிலருந்து டைரக்டர் முகம் குடுத்தே பேசல."

ஆக, ஏழு தோட்டாவில் என் கல்யாணமும் அவர் வேலையும் தொங்கின.

முதல் தோட்டாவைச் சாம்பிள் அளவில்தான் கடைந்தேன், சத்தியமாக. காலிப்பரில் வைத்துப் பார்த்தேன், மயிரிழை பிசகில்லை. ஆனால் மேசையில் நிறுத்திவைத்துப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. குட்டையாக, கஞ்சத்தனமாகத் தெரிந்தது. பெண் கொடுக்க வந்தவருக்கு இப்படியா அளந்து கொடுப்பது? அதை உருக்குகிற டப்பாவில் தூக்கிப் போட்டேன். அடுத்ததிலிருந்து தோட்டாவுக்கு அரை நூல் கொசுறு விட்டேன். அதோடு ஏழுக்குப் பதில் எட்டாகக் கடைந்தேன். எட்டாவதும் கொசுறு. எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்து, துணியில் மெருகேற்றி, வரிசையாக நிறுத்தியபோது கோயில் கலசங்கள் மாதிரி இருந்தன.

மாமா வந்து ஒன்றை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "நல்ல கனம்" என்று முகம் மலர்ந்தார். "ஷூட்டிங் டாலாவுல. நீயே கொண்டு வா தம்பி, நாலு பேரைப் பாத்த மாதிரி இருக்கும்." நாலு பேர் என்றால் யார் என்று எனக்குப் புரிந்தது. காது மடல் சூடானது.

ஷூட்டிங் அன்றைக்கு அம்மா எனக்குப் பட்டுச் சட்டை மாட்டிவிட்டாள். படகில் ஆற்றைக் கடக்கும்போது காய்கறிக் கூடைக்காரிகள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஒருத்தி பர்மியில், "ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெண் பார்க்கவா, கோ மாணிக்கம்?" என்று கேட்டாள். (கோ என்றால் அண்ணன் என்கிற மாதிரி. அவளுக்கு என் பெயர் எப்படித் தெரியும் என்று இன்றுவரை தெரியவில்லை. அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கலாம்.)

டாலாவில் ஓர் அரிசிக் கிடங்கு. அதுதான் வில்லனின் ரகசிய இருப்பிடம். மறுநாள் காலை மூட்டைகள் வந்து இறங்கிவிடும் என்பதால் கிடங்கு அந்த ஒரு நாளைக்குத்தான். கதவு வழியாகச் சாய்ந்து விழும் வெயிலில் எடுக்க வேண்டும் என்று டைரக்டர் ஒற்றைக்காலில் நின்றார். அந்த வெயில் நாலரைக்குப் போய்விடும். துப்பாக்கிப் பெட்டி டைரக்டரின் காரில் வந்தது, கார் படகுக்குக் காத்திருந்து வந்தது, எல்லாம் வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. போட்டுப் பார்க்க நேரமில்லை. ஒத்திகையில் வில்லன் வெறும் விரல்களால் பாவனை காட்டினார்.

வில்லன் படத்தில் பதினாறு பேரைக் கொல்பவர். நேரில் மூக்கில் தைலக் குப்பியை வைத்து உறிஞ்சிக்கொண்டே, எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் வழிவிடும் சாது. ஓரமாக ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தேவகி நின்றாள். எந்தக் காட்சியில் யார் எந்தச் சட்டை போட்டிருந்தார்கள் என்று எழுதிவைப்பது அவள் வேலை. என்னைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். நோட்டில் ஏதோ எழுதினாள்.

கேமரா ஓடியது. வில்லன் மேகசினை, அதாவது தோட்டா அடுக்கும் உலோகக் கூட்டை, இடக்கையில் பிடித்தார். என் முதல் தோட்டாவை எடுத்து வெயிலில் காட்டினார். மின்னியது. எனக்குப் புல்லரித்தது. கூட்டுக்குள் வைத்து அழுத்தினார்.

போகவில்லை.

கொடூரமாகச் சிரித்தபடியே இன்னும் அழுத்தினார். தோட்டா கோணலாக, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, பாதி இறங்கி நின்றது. நடிப்பை விடாத மனிதர், இரண்டாவதை அதன் தலையில் வைத்துக் கட்டைவிரலால் ஒரே குத்துக் குத்தினார். பக்கத்துத் தெருவரை கேட்கும்படி "அமேய்!" என்று ஒரு கத்தல். பர்மியில் அம்மாவைக் கூப்பிடுவது அப்படித்தான். பதினாறு பேரைக் கொன்றவரின் கட்டைவிரல் இரண்டு தோட்டாக்களுக்கு நடுவில் மாட்டியிருந்தது.

மாமா ஓடினார். விரலை விடுவித்துவிட்டு ஸ்குரூ டிரைவரால் தோட்டாக்களை நெம்பினார். கூட்டின் அடியில் ஸ்பிரிங் இருக்கும் என்பதை அந்த அவசரத்தில் யாரும் நினைக்கவில்லை. கோணல் தோட்டா விடுபட்டதும் ஸ்பிரிங் எகிறியது. ஒன்று கூரைத் தகரத்தில் "டங்" என்றது. இன்னொன்று நேராக டைரக்டரின் தேநீர்க் கோப்பைக்குள் போய் விழுந்தது. சுடவே முடியாத துப்பாக்கியின் தோட்டா அப்படிக் குறிபார்த்து விழுந்ததை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் இல்லை.

டைரக்டர் சட்டையிலிருந்து தேநீரைத் துடைத்தார். சத்தமே போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஊ வேலா" என்று மரியாதையாகவே பர்மியில் தொடங்கினார். "முதலில் தாடி. இப்போது தோட்டா. மூன்றாவது ஒன்று வேண்டாம் என்று நினைக்கிறேன்."

மாமாவின் முகம் சுண்டியது. "சாம்பிள் அளவுதான் சயா. சாம்பிளே தவறாக இருக்கும்போல..." என்று அவரும் பர்மியில் இழுத்தார். (சயா என்றால் ஐயா.)

நான் தூண் மறைவில் நின்றிருந்தேன். பேசாமல் இருந்தால் பழி சாம்பிளோடு போய்விடும். பாங்காக்கில் எவனோ செய்தது, அவன் வந்து கேட்கப் போவதில்லை. ஆனால் மாமாவின் வேலையும் சேர்ந்து போகும். பஸ்ஸில் "நிறுத்துங்க" சொல்ல முடியாத வாய், அன்றைக்கு எப்படித் திறந்ததோ.

"கொசுறு" என்றேன்.

கிடங்கே திரும்பிப் பார்த்தது.

"என்னது?" என்றார் மாமா.

"சாம்பிள் சரிதான் மாமா. நான்தான் அரை நூல் கொசுறு விட்டேன்."

"தோட்டாவுக்கு யாராச்சும் கொசுறு விடுவாங்களாடா?"

"விளக்குக்கு விடுவேன்..."

டைரக்டர் எல்லார் முகத்தையும் பார்த்தார். "கொசுறு என்றால் என்ன?"

தேவகிதான் நோட்டை மூடிவிட்டுப் பர்மியில் விளக்கினாள். "காய் வாங்கினால் மேலே ஒரு மிளகாய் போடுவார்களே, அது சயா. இவர் தோட்டா வாங்கினவருக்கு மேலே கொஞ்சம் தோட்டா போட்டிருக்கிறார். அன்பாக."

முதலில் சிரித்தவர் வில்லன். கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டே குலுங்கினார். பிறகு கேமராக்காரர். கடைசியில் டைரக்டரும் உதட்டைக் கடித்தபடி கதவைக் காட்டினார். "வெயில் இன்னும் அரை மணி நேரம் இருக்கும். அன்பைக் குறைத்துக் கொடு."

படகுத்துறைக்கு ஓடி ஒரு படகு மெக்கானிக்கிடம் தட்டை அரம் இரவல் வாங்கி வந்தேன். மூக்கைத் தொட்டால் அழகு போய்விடும், அடியைத்தான் ராவ வேண்டும். காலிப்பர் கொண்டுவரவில்லை. எகிறிய இரண்டையும் பொறுக்கி வந்த தேவகி எதிரில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு தோட்டாவையும் சாம்பிளோடு சேர்த்து நிறுத்தி, விரலால் தடவிப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னும்... இன்னும் கொஞ்சம்... போதும்."

ஆறு முடிந்தது. பட்டுச் சட்டையெல்லாம் பித்தளைத் தூள். ஏழாவதை ராவும்போதுதான் அவள் விரலில் ஒரு மச்சம் இருப்பதைக் கவனித்தேன்.

"போதும்... போதும்னு சொன்னேன்ல!"

குனிந்து பார்த்தேன். ஏழாவது தோட்டா சாம்பிளைவிட ஒரு நூல் குட்டை. கூட்டுக்குள் போட்டபோது லொடலொடவென்று ஆடியது. வெயில் கதவோரம் வரை வந்துவிட்டது. அலுமினியச் சாம்பிளைச் சேர்த்தால் வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும்.

"ஏழு வேணும், ஆறுதான் இருக்கு" என்று மாமா தலையில் கைவைத்தார். நான் பையில் கைவிட்டு எட்டாவதை எடுத்து நீட்டினேன்.

"இது ஏது?"

"இதுவும் கொசுறு."

மாமா என்னை அடிக்க வந்தாரா அணைக்க வந்தாரா தெரியவில்லை. நடுவில் நின்றுவிட்டார். எட்டாவதை தேவகியின் முகத்தைப் பார்க்காமல் ராவினேன். வில்லன் கட்டைவிரலில் கட்டிய துணியை அவிழ்த்துவிட்டு, ஏழையும் அடுக்கி, கூட்டைத் துப்பாக்கியில் "க்ளிக்" என்று செருகினார். வெயில் போய்விட்டது, காட்சி கிடைத்துவிட்டது.

படம் கேசட்டில் வந்தபோது எங்கள் தெருவே கூடிப் பார்த்தது. தோட்டாக்கள் திரையில் வருவது மூன்று விநாடி. அம்மா அந்த மூன்று விநாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னதில் கேசட் அந்த இடத்தில் தேய்ந்து, இப்போது வில்லன் கையில் மழை பெய்கிற மாதிரி தெரியும்.

மாமாவின் வேலை நிலைத்தது. கல்யாணமும் நடந்தது. மேளச் சத்தத்தில் தாலி கட்டும்போது ஒன்று, இரண்டு, மூன்று முடிச்சு போட்டேன். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். மனசு கேட்கவில்லை. தேவகி தலைகுனிந்தபடியே முனகினாள்: "போதும்... இதுவும் கொசுறா?" மணவறையில் மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்ததை இப்போதும் கோயிலில் சிலர் குறையாகச் சொல்வார்கள்.

சீர்வரிசையில், வெற்றிலைத் தட்டின் நடுவில், மாமா அந்த அலுமினியச் சாம்பிளை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். பதினைந்து வருடமாக அது எங்கள் சமையலறையில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. விருந்தாளி வந்து நான் சோற்றுக் கரண்டியைக் கையில் எடுத்தால் போதும், என் மகள் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்: "அம்மா, அப்பா பரிமாறுறாரு! சாம்பிளை எடுத்துட்டு வா!"