பச்சை பெயின்ட்டும் பின்னறைப் பூட்டும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மகளும் நலம். தங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? பெண்ணோடு சேர்த்து அட்டைப்பெட்டிப் பட்டறையையும் என் தலையில் கட்டிவிட்டுத் தாங்கள் மச்சான் வீட்டுக்குப் போன நாளிலிருந்து தங்களைக் கஞ்சன் என்று நான் சொல்லாத நாளில்லை. அதே வாயால் இன்று நன்றி சொல்கிறேன், பெரிய மனசு பண்ணி வாங்கிக்கொள்ள வேண்டும்.

நம்மிடம் பாதிக்கு மேல் பெட்டி வாங்குகிற சோப்புக் கம்பெனி, சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் தொழில் நடத்துகிறவர்களுக்குத்தான் இனி ஆர்டர் என்று எழுதிவிட்டது. ஆர்டர் போனால் பன்னிரண்டு பேருக்கு வேலை போகும். சுற்றுச்சூழல் என்றால் பச்சை என்கிற அளவுக்கு எனக்கும் விவரம் உண்டு. ஆகவே பட்டறை முழுக்கப் பச்சை பெயின்ட் அடித்தேன், வாசலில் பிளாஸ்டிக் செடி வைத்தேன் (தண்ணீர் மிச்சம்), நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டினேன், காகிதத்தை வீணாக்காதீர் என்று முந்நூறு நோட்டீஸ் அடித்தேன். நாலு கலரில் தொட்டி வாங்கி, இதில் போட்டால் போதும், மறுசுழற்சி தானாக நடந்துவிடும் என்று ஆட்களிடம் அரை மணி நேரம் பேசினேன். அவர்களும் பயபக்தியோடு சாப்பாட்டுப் பொட்டலத்தையெல்லாம் அட்டைத் தொட்டியிலேயே போட்டார்கள். பழைய பேப்பர்காரர் மூட்டையைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு, "அண்ணே, எண்ணெய் பட்டா மொத்தமும் பாழ். உங்க பட்டறை அட்டைதான் சுத்தம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே!" என்று எடுக்காமலே போய்விட்டார்.

அதோட விட்டேனா? பின்னறையில நீங்க விட்டுட்டுப் போன ஓட்டை உடைசல், அதாவது ஒட்டுப்போட்டு ஓடுற பசை மெஷின், துண்டு அட்டைக் குவியல், பசைத்தண்ணி டிரம், இதெல்லாம் கம்பெனியிலேர்ந்து சோதனைக்கு வர்றவங்க கண்ணுல பட்டா மானம் போயிடும்னு பெரிய பூட்டாப் போட்டுப் பூட்டிட்டேன்.

சோதனைக்கு வந்த அம்மா பச்சைச் சுவத்தைப் பார்த்தாங்க, பெயின்ட் வாசனைக்கு மூணு தடவை தும்மினாங்க.

"தொட்டியில இருக்கிறதெல்லாம் எங்க போகுது?"

"மறுசுழற்சிக்குங்க."

"எப்படி?"

"லாரியிலங்க."

"லாரி எங்க போகுது?"

"தெருமுனை திரும்புற வரைக்கும்தாங்க எனக்குத் தெரியும்."

பேனாவை மூடிட்டாங்க மாமா. பன்னிரண்டு பேர் முகமும் என் கண்ணு முன்னாடி வந்துபோச்சு. அப்போ உங்க மகள் வந்து, என் சட்டைப் பையிலேர்ந்து சாவியை எடுத்துப் பின்னறையைத் திறந்துட்டா. பத்தொன்பது வருஷத்து மெஷின் மோட்டாரை மட்டும் மாத்தினதுல ஓடுறது, துண்டு அட்டையெல்லாம் பெட்டி மூலை நசுங்காம இருக்க மூலைக்காப்பா மாறுறது, பசை உருளை கழுவின தண்ணியிலேயே அடுத்த பசை கரைக்கிறதுன்னு ஒண்ணுவிடாம மடமடன்னு விளக்கினா. உங்க வளர்ப்பு அப்படி! அந்தம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "இதைப் பூட்டி வச்சுட்டா பிளாஸ்டிக் செடியைக் காட்டினீங்க?"ன்னு கேட்டாங்க. மூணு வருஷத்துக்கு ஆர்டர் கையெழுத்தாயிடுச்சு.

எல்லாம் நீங்க போட்ட பழக்கம் மாமா. எதையும் தூக்கிப்போடாத உங்க கை நல்லா இருக்கணும். நான் கேலி பண்ணின கஞ்சத்தனம்தான் இன்னிக்குப் பன்னிரண்டு வீட்ல அடுப்பு எரிய வைக்குது.

அத்தைக்கும் மச்சானுக்கும் என் அன்பைச் சொல்லவும். முட்டிக்குத் தைலம் தேய்க்க மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நன்றி மறவாத மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் மகள் வாங்கிப் படித்துவிட்டாள். "அப்பாவா? அப்பா துண்டு அட்டையைக் கொல்லையில போட்டுக் கொளுத்துவாரு. அந்த மெஷினையும் எடைக்குப் போடச் சொல்லிட்டுத்தான் போனாரு. ஆறு வருஷமா அந்த ரூமை நான்தான் பார்த்துக்கிறேன். நீங்க ஒரு நாளாவது எட்டிப் பார்த்தீங்களா?" என்றாள். ஆகவே மாமா, வணக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு நன்றியை மறு தபாலில் திருப்பி அனுப்பவும். இங்கே அதற்கு உரியவள் என்னோடு பேசாமல் மூலைக்காப்பு மடித்துக்கொண்டிருக்கிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மடித்துக் கொடுத்தேன். இரண்டையும் பிரித்துத் திரும்ப மடித்தாள். நன்றி சீக்கிரம் வந்து சேர்ந்தால் தேவலை.