கிளிப் சாரும் இரண்டு வலது கதவுகளும்

ஹைதராபாத், செகந்திராபாத் இரண்டு ஊர்களையும் சேர்த்துப் பார்த்தாலும், ஓடிய நாளைவிடக் கழன்று கிடந்த நாள் அதிகமான கார் ஒன்றே ஒன்றுதான். அது மல்காஜ்கிரியில் எங்கள் எதிர்வீட்டு கிளிப் சாருடையது. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. வாசலில் பலகையில் எழுதியே மாட்டியிருந்தார். யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

கார் அவரிடம் வருவதற்குள் இரண்டு பேரைப் பார்த்துவிட்டது. எஞ்சினில் குறையில்லை. கதவுகளின் உட்புறம்தான் பார்க்கச் சகிக்காது. மழைத் தண்ணீர் இறங்கி, உள்ளே பதித்திருந்த அட்டை அப்பளமாக உப்பியிருந்தது. மேலே ஒட்டியிருந்த ரெக்ஸின் கிழிந்து தொங்கியது. முதல் பயணத்திலேயே அவர் மனைவி செல்லம் அக்காவின் பட்டுப்புடவை அதில் மாட்டி ஒரு முழம் கிழிந்தது. அக்கா கிழிசலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார், அவ்வளவுதான். அதுதான் சாரை உலுக்கிவிட்டது.

ராணிகஞ்சில் கார் சீட் தைக்கிற பாய், இரண்டே நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார்.

“நக்கோ பாய், வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்” என்றார் சார் என் கணவரிடம். “நாலு கதவுக்கு நாலு அட்டை. இதுக்கு வெளியாள் எதுக்கு? ரெண்டு ஞாயித்துக்கெழம போதும்.”

“எந்த வருஷத்து ஞாயித்துக்கெழமன்னு கேளுங்க தம்பி” என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

அட்டைகளைப் பெயர்க்க அவர் எடுத்த ஆயுதம் தோசைத் திருப்பி. கதவோடு அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த கம்பி கிளிப்புகள் ஒவ்வொன்றும் ‘டிங்’ என்று தெறித்தன. அதில் ஒன்று தெருவைத் தாண்டி வந்து எங்கள் வீட்டுச் சாம்பாரில் விழுந்தது என்றால் நீங்கள் நம்ப வேண்டாம். என் கணவர் நம்பினார்; கடித்தவர் அவர்தான்.

அடுத்து, புது அட்டை வெட்டி, பஞ்சு பரப்பி, மேலே மெரூன் ரெக்ஸினை இழுத்து ஓரம் மடித்து ஒட்ட வேண்டும். பசை காயும்வரை ஓரங்களை எது பிடித்துக்கொள்வது? வீடு வீடாகப் போனார். “ஏம்மா, துணிக்குப் போடுற கிளிப் ஒரு டஜன் இருக்குமா? சாயங்காலம் தந்துருவேன்.” தெருவே கொடுத்தது. மத்தியானம் காற்று வந்தது. கிளிப் இல்லாத கொடிகளிலிருந்து தெருவின் துணிகள் மொத்தமும் கிளம்பிப் பறந்தன. என் கணவரின் பனியன் ரயில்வே கேட்டின்மேல் சிக்னல் மாதிரி தொங்கியது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் தன் புடவையைத் தேடிக்கொண்டே, “கிளிப் சார் காரூ!” என்று தெருவதிரக் கூவினார். தெலுங்கில் ‘காரு’ என்றால் ‘அவர்கள்’; மரியாதையாகத்தான் கூப்பிட்டார். பெயர் நிலைத்துவிட்டது.

ஒன்றரை மாதத்தில் பின்கதவுகளுக்கு இரண்டு அட்டைகள் தயாராயின. தையற்காரர் தோற்றார், அத்தனை அழகு. ஒன்றை வலது கதவில் மாட்டினார். கச்சிதம். மற்றதை இடது கதவுக்குக் கொண்டுபோனார். கைப்பிடிக்கான ஓட்டை பூட்டுப் பக்கம் வராமல் கீல் பக்கம் வந்து நின்றது. இரண்டையும் வலது கதவுக்கே செய்து வைத்திருந்தார். அரசாங்கத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை, எந்திரங்களுக்கு அளவுப் படம் வரையும் செக்‌ஷனில்.

“ரெண்டு பக்கமும் வலப்பக்கமா இருக்கிற காராப் பாத்து வாங்கிருங்க” என்றார் அக்கா.

நிறைமாதமாக இருந்த எனக்கு அந்த வாரத்தில்தான் வலி எடுத்தது. செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. கணவர் ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். கொட்டுகிற மழையில் ஆட்டோ ஒன்றுகூட இல்லை. இடது அட்டைக்காக லீவு போட்டிருந்த சார் ஓடிவந்து, “ஏறும்மா!” என்றார்.

பின்சீட்டில் இடது பக்கம் ஏறியவள் அங்கேயே சரிந்துவிட்டேன். நகர முடியவில்லை. அந்தக் கதவு வெறும் இரும்பு. கண்ணாடி ஏற்றும் கைப்பிடியும் கழற்றியிருந்ததால் கண்ணாடி கதவுக்குள் இறங்கிக் கிடந்தது. மழை நேரே என்மேல் அடித்தது. அக்கா வீட்டுக்குள் ஓடி, தவறாகச் செய்த அந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் ஏறினார். ஒரு கையால் அட்டையை ஜன்னலில் அழுத்திப் பிடித்து, மறுகையால் என்னை அணைத்துக்கொண்டார். அப்படியும் ஒவ்வொரு குழிக்கும் என் தோள் இரும்பில் மோதியது.

“மெதுவாப் போங்க!” என்றார் அக்கா.

“சீக்கிரம் போங்க சார்!” என்று நான் கத்தினேன்.

“ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவாச் சொல்லுங்க!” என்றார் சார்.

ஆஸ்பத்திரியில் அக்கா அட்டையோடேயே உள்ளே வந்துவிட்டார். “ஏமிட்டம்மா இதி?” என்று நர்ஸ் அட்டையைக் காட்டிக் கேட்டார். “கதவு” என்றார் அக்கா, அது எல்லோரும் கொண்டுவருகிற பொருள் போல.

அரை மணியில் மகள் பிறந்தாள். சேதி கேட்டு என் கணவர் ஓடிவந்தபோது, வராந்தா பெஞ்சில் சார் அட்டையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாராம். “பொண்ணு தம்பி” என்றாராம். சொல்லிவிட்டு ரெக்ஸினைத் தடவிக்கொண்டே இருந்தாராம்.

பத்தாம் நாள் எங்களை அழைத்துப்போக அதே கார் வந்தது. நான்கு கதவுகளும் முடிந்திருந்தன! ஒன்றரை மாதத்தில் ஒரு கதவு முடித்த மனிதர், பத்து நாளில் மற்ற மூன்றையும் முடித்திருந்தார். அதிலும் இடது பின்கதவு மெத்தை போல வீங்கியிருந்தது.

“எங்க வீட்டுல இப்பத் தலகாணியே கெடையாது” என்றார் அக்கா.

“பஞ்சு கொஞ்சம் கூடிப்போச்சு. கைப்பிடி முழுசாச் சுத்தாது, கண்ணாடி பாதிதான் எறங்கும்” என்று சார் தயங்கினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “அன்னைக்கு உன் தோள் இடிச்ச சத்தம் ஒவ்வொண்ணும் எனக்குக் கேட்டுச்சும்மா.”

குழந்தையை அந்தக் கதவின் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு நாலைந்து வருஷம், எங்கே போனாலும் என் மகளுக்கு அந்தக் கதவோரம்தான் இடம். ஏறி உட்கார்ந்ததும் அதில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிடுவாள். வீட்டு வாசல் வந்ததும் நான் இறங்கத் தயாராவேன். கிளிப் சார் திரும்பிப் பார்ப்பார். உதட்டில் விரலை வைத்து ‘உஷ்’ என்பார். பிறகு சத்தமில்லாமல் கியரை மாற்றி, அவள் தானாக விழிக்கும்வரை எங்களை லோத்குண்டா பக்கம் இன்னொரு சுற்று அழைத்துப் போவார்.